ட்ராப்டவுனில் மகாராஷ்டிரா என்றே இருந்தும் ஃபார்முலா அதை ஏற்கவில்லை: 47 பில்களில் வரி குழப்பம்

தாராவி_பை (மும்பை), திங்கள், இரவு 10.40

அனைவருக்கும் வணக்கம். தாராவியில் 90 அடி சாலையிலிருந்து உள்ளே போகும் சந்தொன்றில் அப்பா தோல் பைப் பட்டறை நடத்துகிறார். 1989இல் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர். ஆறு தையல் எந்திரங்கள், தோலின் விளிம்பைச் சீவும் எந்திரம் ஒன்று, எட்டு ஆட்கள். இத்தனை ஆண்டுகளும் நீளப் பேரேட்டில் தமிழில் கணக்கு எழுதிவந்தார். போன தீபாவளிக்குப் பிறகு அதைக் கூகுள் ஷீட்ஸ் என்ற கணக்குத்தாள் செயலிக்கு மாற்றியவள் நான். அப்பாவுக்குத் தமிழ் மட்டுமே வாசிக்க வரும். ஆகவே ட்ராப்டவுன்கள் (தொட்டால் விரியும் தேர்வுப் பட்டியல்கள்) அத்தனையும் தமிழில். அவரே கைபேசியில் தொட்டுத் தேர்ந்தெடுக்கிறார்.

தாளின் அமைப்பு இது: ஏ வாங்குபவர் பெயர், பி மாநிலம், சி விற்பனை வகை (மொத்தம், சில்லறை, மாதிரி), டி சரக்கின் மதிப்பு, இ சிஜிஎஸ்டி (ஜிஎஸ்டி வரியில் மத்திய அரசின் பங்கு), எஃப் எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசின் பங்கு), ஜி ஐஜிஎஸ்டி (வெளி மாநில விற்பனைக்கான வரி). எங்கள் சரக்கு எல்லாம் எச்எஸ்என் (சரக்கு வகைக் குறியீடு) 4202, வரி 18 சதவீதம். மகாராஷ்டிராவுக்குள் விற்றால் 9ம் 9மாகப் பிரிய வேண்டும், வெளி மாநிலம் என்றால் 18ம் ஐஜிஎஸ்டியில் விழ வேண்டும். ஃபார்முலாவில் வரும் ஆங்கிலப் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன், தாளில் அவை ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன.

நானே கைபேசியில் எழுதியவை (இஃப் முதலில் நிபந்தனையைப் பார்க்கும், பொருந்தினால் அடுத்ததையும் இல்லாவிட்டால் கடைசியையும் தரும்):

இ2: =இஃப்(பி2="மகாராஷ்டிரா ", டி2*9%, 0)
ஜி2: =இஃப்(பி2="மகாராஷ்டிரா ", 0, டி2*18%)

எஃப் நெடுவரிசையிலும் இ2இல் உள்ளதே. எந்தப் பிழையும் காட்டவில்லை. ஒரு மாதம் முழுவதும் 47 பில்கள் இதை வைத்தே போட்டோம். இன்று காலை புனே வியாபாரி ஒருவர் அப்பாவை அழைத்து, “நாம் இருவரும் மகாராஷ்டிராவிலேயே இருக்கிறோம், பில்லில் ஐஜிஎஸ்டி ஏன் வந்தது?” என்று கேட்டுவிட்டார். அப்பா பதில் சொல்ல முடியாமல் கைபேசியை என்னிடம் கொடுத்தார். எடுத்துப் பார்த்தால் 47 பில்களிலும் சிஜிஎஸ்டி பூஜ்யம், முழு வரியும் ஐஜிஎஸ்டியில். அவற்றில் 31 பில்கள் மகாராஷ்டிராவுக்குள் விற்றவை. புனே பில்லின் மதிப்பு 24,000 ரூபாய். வரி 4,320 என்று வந்தது, 2,160ம் 2,160மாகப் பிரிந்திருந்தாலும் அதே 4,320தான். இரண்டு வழியிலும் கூட்டுத்தொகை 28,320. அதனால்தான் என் கண்ணில் படவேயில்லை.

மாதிரிக்கு வரி வராதபடியும் மாற்ற வேண்டியிருந்ததால், சென்னையில் இருக்கும் சித்தப்பா மகன் ஐஃபோனில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பிய இதை ஒட்டிப் பார்த்தேன்:

=இஃப்(பி2=“மகாராஷ்டிரா” அண்ட் சி2=“மொத்தம்” ஆர் “சில்லறை”, டி2*9%, 0

இது #எரர்! என்று காட்டுகிறது. சுட்டியை மேலே கொண்டுபோனால் ‘ஃபார்முலா பார்ஸ் எரர்’ என்கிறது. ஜிஎஸ்டிஆர்-1 (மாத விற்பனை விவரப் படிவம்) தாக்கல் செய்ய 11ஆம் தேதி கடைசி நாள். தயவுசெய்து உதவுங்கள்.


காற்புள்ளி (பெங்களூரு), திங்கள், இரவு 11.25

வணக்கம் சகோதரி. உங்களிடம் இரண்டு தனித்தனி நோய்கள் இருக்கின்றன. பிழை காட்டும் புதிய ஃபார்முலாவை முதலில் முடித்துவிடுவோம், அதுதான் எளிது.

மேற்கோள்குறிகளைப் பாருங்கள். சித்தப்பா மகன் அனுப்பியதில் அவை வளைந்திருக்கின்றன. ஐஃபோனில் ஸ்மார்ட் பங்க்சுவேஷன் என்ற அமைப்பு இருந்தால் நேர்க்குறியை அதுவே வளைத்துவிடும். ஷீட்ஸுக்கு நேரான குறி மட்டுமே புரியும். வளைந்த குறியைப் பார்த்தவுடன் இது என்ன எழுத்து என்று தெரியாமல் நின்றுவிடுகிறது. கணினி விசைப்பலகையில் குறிகளைப் புதிதாகத் தட்டுங்கள்.

அடுத்தது அண்ட், ஆர். நாம் பேசும்போது “மகாராஷ்டிராவாகவும், மொத்தமாகவோ சில்லறையாகவோ இருந்தால்” என்று நடுவில் வைத்துச் சொல்கிறோம். ஷீட்ஸில் அவை நடுவில் நிற்காது. இஃப் போலவே அவையும் முன்னால் நின்று, தமக்கென்று அடைப்புக்குறி கேட்கும். ஆர் என்பதற்குள் ஒவ்வொரு முறையும் கட்டத்தின் பெயரைத் திரும்பச் சொல்ல வேண்டும். சி2="மொத்தம்", "சில்லறை" என்று எழுதினால் #வேல்யூ! வரும், ஏனென்றால் "சில்லறை" என்ற வெறும் சொல் உண்மையா பொய்யா என்று அதனால் தீர்மானிக்க முடியாது.

=இஃப்(அண்ட்(பி2="மகாராஷ்டிரா", ஆர்(சி2="மொத்தம்", சி2="சில்லறை")), டி2*9%, 0)

மூன்று திறப்பு, மூன்று மூடல். உங்களுடையதில் ஒன்று திறந்து, மூடாமலேயே இருந்தது. நான் எப்போதும் ஃபார்முலாவை உள்ளிருந்து வெளியே எழுதுவேன்: முதலில் ஆர் மட்டும் ஒரு காலிக் கட்டத்தில், அது ட்ரூ என்று காட்டிய பிறகு அதைச் சுற்றி அண்ட், கடைசியாக இஃப். பத்து ஆண்டுகளாக இதே வேலை செய்கிறேன், இன்றும் இப்படித்தான்.

பழைய ஃபார்முலாவைப் பற்றி நாளை எழுதுகிறேன். அதற்குள் ஒன்று செய்யுங்கள். லென் என்பது எழுத்துகளை எண்ணிச் சொல்லும். காலிக் கட்டம் ஒன்றில் =லென்(பி2) என்றும், இன்னொன்றில் =லென்("...") என்றும் போடுங்கள். இரண்டாவதில் புள்ளிகளுக்குப் பதிலாக, உங்கள் பழைய ஃபார்முலாவில் மேற்கோள்களுக்கு நடுவில் இருப்பதை அப்படியே நகலெடுத்து ஒட்ட வேண்டும். கையால் தட்டாதீர்கள்.


தாராவி_பை, செவ்வாய், காலை 6.15

அண்ணா, புதிய ஃபார்முலா வேலை செய்கிறது. மிக்க நன்றி. லென் போட்டுப் பார்த்தேன். பி2 11 என்கிறது, ஃபார்முலாவிலிருந்து எடுத்தது 12 என்கிறது. ம, கா, ரா, ஷ், டி, ரா என்று எண்ணினால் ஆறுதானே? 11 எப்படி, 12 எப்படி?


காற்புள்ளி, செவ்வாய், காலை 8.50

நாம் ஆறு எழுத்தாகப் படிப்பது கணினிக்குப் பதினொன்று. கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் அது தனித்தனியாக எண்ணும்: ம ஒன்று, க, அதன் கால், ர, அதன் கால், ஷ, அதன் புள்ளி, ட, அதன் விசிறி, ர, அதன் கால். ஆக 11. பன்னிரண்டாவது ஒரு வெற்றிடம். உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது, பாருங்கள்: "மகாராஷ்டிரா " என்று மேற்கோளை மூடுவதற்கு முன்னால்.

கைபேசியில் தமிழ் தட்டும்போது மேலே வரும் பரிந்துரைச் சொல்லைத் தொட்டால் விசைப்பலகை தானே ஓர் இடைவெளி சேர்த்துவிடும். கடிதத்தில் அது வசதி. மேற்கோள்குறிக்குள் அதுவும் சொல்லின் பகுதி. ட்ராப்டவுனில் 11, ஃபார்முலாவில் 12, இரண்டும் ஒருநாளும் சமமாகாது. எனவே ஒவ்வொரு வரிசையிலும் இஃப் ‘இல்லை’ என்ற பக்கத்துக்குப் போனது. ஜி நெடுவரிசையின் ‘இல்லை’ பக்கத்தில் டி2*18% உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான் நடந்தது.

இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இருக்கிறது. #எரர்! காட்டிய ஃபார்முலா உங்களை ஒரு மணி நேரம் நிறுத்தியது. பிழை காட்டாத ஃபார்முலா ஒரு மாதம் உங்களை நடக்கவிட்டது. இஃப்பின் கடைசி இடத்தில் பணத்தை வைக்காதீர்கள். நாம் எதிர்பார்க்காத எல்லாமே வந்து விழும் இடம் அது: எழுத்துப் பிழை, காலிக் கட்டம், நாளைக்கு யாரோ சேர்க்கப்போகும் புதிய மாநிலம். அங்கே ‘சரிபார்’ என்ற சொல் இருக்கட்டும்.

‘மாநிலம்’ என்று தனித் தாள் ஒன்று வைத்து, ட்ராப்டவுனை அதிலிருந்தே எடுங்கள். பிறகு ஜி2இல்:

=இஃப்ஸ்(ஆர்(பி2="", சி2=""), "", சி2="மாதிரி", 0, பி2="மகாராஷ்டிரா", 0, கவுண்ட்இஃப்('மாநிலம்'!$ஏ$2:$ஏ$6, பி2)>0, டி2*18%, ட்ரூ, "சரிபார்")

இ2இலும் எஃப்2இலும் இதையே வைத்து, மகாராஷ்டிராவுக்கு அடுத்து டி2*9%, கவுண்ட்இஃப்புக்கு அடுத்து 0 என்று மாற்றினால் போதும். கவுண்ட்இஃப் என்பது பட்டியலில் அந்தச் சொல் எத்தனை முறை இருக்கிறது என்று எண்ணும். இஃப்ஸ் மேலிருந்து வரிசையாகப் பார்த்து, முதலில் உண்மையாவதில் நின்றுவிடும். ஆகவே காலிக் கட்டச் சோதனை முதலில் வர வேண்டும். $ குறியை விட்டுவிடாதீர்கள். விட்டால், கீழே இழுக்கும்போது பட்டியலும் சேர்ந்து கீழே நகர்ந்துவிடும்.

இன்னொன்று. சம் என்பது சொற்களைக் கண்டுகொள்ளாமல் எண்களை மட்டும் கூட்டும். ‘சரிபார்’ என்று இரண்டு வரிசைகள் இருந்தால் மாதக் கூட்டுத்தொகை சத்தமில்லாமல் குறைந்துவிடும். தாளின் உச்சியில் =கவுண்ட்இஃப்(இ2:ஜி500, "சரிபார்") போட்டு, அது பூஜ்யமாக இருந்தால்தான் பில் அச்சிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.


அந்தேரிக்காரன், செவ்வாய், காலை 9.30

இவ்வளவு சிரமம் எதற்கு? ட்ராப்டவுனில் ஆங்கிலச் சுருக்கங்களை வைத்துவிட்டால் இந்த இடைவெளி, புள்ளித் தொல்லை எதுவும் இராது. பிழை வந்தால் இஃப்எரர் போட்டுப் பூஜ்யமாக்கிவிடலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.


தாராவி_பை, செவ்வாய், காலை 10.05

ஐயா, உங்கள் அக்கறைக்கு நன்றி. ஆனால் தாளை ஆங்கிலத்துக்கு மாற்ற மாட்டேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தம் கணக்கைத் தாமே எழுதிய மனிதர் அப்பா. அவர் கையிலிருந்து பேரேட்டை வாங்கியவள் நான். அவரால் வாசிக்க முடியாத தாள் ஒன்றைப் பதிலுக்குக் கொடுத்தால், நாளையிலிருந்து ஒவ்வொரு பில்லுக்கும் அவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டிவரும். இப்போது பட்டறையில் நின்றபடியே ‘தமிழ்நாடு’, ‘மொத்தம்’ என்று அவரே தொடுகிறார். அது எனக்கு முக்கியம்.


காற்புள்ளி, செவ்வாய், காலை 10.20

சகோதரி சொல்வது சரி. இடைவெளி ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னாலும் இதே வேலையைத்தான் செய்யும், அதை நாள்தோறும் பார்க்கிறேன். இஃப்எரர் யோசனையையும் தயவுசெய்து எடுக்காதீர்கள். எதையாவது காணவில்லை என்று ஷீட்ஸ் சொல்லும் ஒரே குரலை அது பூஜ்யம் போட்டு மூடிவிடும். பார்ஸ் எரரை அது பிடிக்கவும் செய்யாது, ஏனென்றால் அந்த ஃபார்முலா ஓடத் தொடங்குவதே இல்லை.


செம்பூர்_கணக்கர் (மும்பை), செவ்வாய், பிற்பகல் 3.10

அம்மா, வரிக் கணக்கு என் தொழில் என்பதால் நானும் எழுதுகிறேன். ஃபார்முலா சரியானாலும், பி நெடுவரிசையில் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பது சரியாக இருக்க வேண்டும். பை எந்த ஊருக்குப் போகிறது என்று பார்த்து அப்பா மாநிலத்தைத் தொடுகிறார் என்று நினைக்கிறேன். பெரும்பாலும் அது பொருந்தும். ஆனால் சென்னை வியாபாரி ஒருவர் ஆர்டர் கொடுத்து, “சரக்கைப் புனேயில் இருக்கும் என் வாடிக்கையாளருக்கே நேராக அனுப்பிவிடுங்கள்” என்றால், ஐஜிஎஸ்டி சட்டம் 10(1)(பி) பிரிவின்படி உங்கள் பில்லுக்கு வழங்கல் இடம் (எந்த வரி என்று தீர்மானிக்கும் இடம்) சென்னை வியாபாரியின் இடம்தான். வண்டி மகாராஷ்டிராவை விட்டு வெளியே போகாவிட்டாலும் ஐஜிஎஸ்டி. நெடுவரிசையின் தலைப்பை ‘மாநிலம்’ என்று விடாமல் ‘பில் வாங்குபவர் மாநிலம்’ என்று மாற்றுங்கள். அப்பாவுக்கும் குழப்பம் இராது.

இரண்டாவது, ட்ராப்டவுனை மட்டும் நம்பாமல் ஜிஎஸ்டி எண்ணோடு ஒப்பிடுங்கள். 15 இலக்க எண்ணில் முதல் இரண்டும் மாநிலக் குறியீடு: மகாராஷ்டிரா 27, தமிழ்நாடு 33, கர்நாடகா 29, குஜராத் 24, டெல்லி 07. ‘மாநிலம்’ தாளில் பெயருக்குப் பக்கத்தில் குறியீட்டையும் எழுதி, எச் நெடுவரிசையில் வாங்குபவரின் எண்ணையும், ஐ நெடுவரிசையில் ட்ராப்டவுன் மாநிலத்தின் குறியீட்டையும் வரவழையுங்கள். பிறகு:

=இஃப்(எச்2="", "", இஃப்(லெஃப்ட்(எச்2, 2)=ஐ2, "ஒத்தது", "சரிபார்"))

இதில் நான் ஒரு மாலை முழுவதும் சிக்கியிருக்கிறேன். லெஃப்ட் தருவது எண் அல்ல, எழுத்து. அதை 27 என்ற எண்ணோடு ஒப்பிட்டால் சமமாகாது, "27" என்ற எழுத்தோடுதான் சமமாகும். ஆகவே குறியீட்டு நெடுவரிசையை முதலிலேயே ‘வெறும் உரை’ வடிவத்துக்கு மாற்றிவிட்டுத் தட்டுங்கள். இல்லாவிட்டால் டெல்லியின் 07 வெறும் 7 ஆகிவிடும். சில்லறை வாங்குபவர் பலருக்கு எண் இராது, அதனால்தான் காலிக் கட்டத்தை முதலில் விலக்கியிருக்கிறேன்.

குறியீட்டை வரவழைக்க விலுக்கப் (பட்டியலில் தேடி எடுக்கும் ஃபார்முலா) போடும்போது நான்காவது இடத்தில் ஃபால்ஸ் கட்டாயம். அதை விட்டால் பட்டியல் அகர வரிசையில் இருப்பதாக எண்ணிக்கொண்டு, பக்கத்தில் இருப்பதை எடுத்துக் கொடுத்துவிடும், அதுவும் பிழை எதுவும் காட்டாமல்.

31 பில்களைப் பற்றி: இன்னும் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் ஆகவில்லை என்பது உங்கள் நல்ல நேரம். தவறான பில்களை ரத்து செய்து, புதிய எண்ணில் சரியான பில் போட்டு, வாங்கியவர்களுக்கு அனுப்புங்கள். ரத்தான பில்களின் எண்ணிக்கையை ஜிஎஸ்டிஆர்-1இன் 13ஆவது அட்டவணையில் காட்ட வேண்டும். வரியையே ஐஜிஎஸ்டியாகச் செலுத்திய பிறகு கண்டுபிடித்திருந்தால், மாநிலத்துக்குள்ளான வரியை மறுபடி கட்டி, முன்பு கட்டியதைத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். சிஜிஎஸ்டி சட்டம் 77ஆவது பிரிவு அதற்கு வட்டி இல்லை என்று சொன்னாலும், அந்தப் பணம் கைக்கு வரும்வரை சிறிய பட்டறைக்குத் தாங்காது.


தாராவி_பை, புதன், இரவு 11.50

ஐயா, அண்ணா, நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் செய்தேன். மதியம் மூன்று மணிக்கு ஆரம்பித்தேன். அப்பா தலைப்பைப் படித்துவிட்டு, “சரக்கு போகிற ஊர் இல்லையா, பில் வாங்குகிறவர் ஊரா?” என்று கேட்டார். பிறகு பேரேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்லி, நினைவிலிருந்தே மாநிலம் சொன்னார். அவர் சொன்னதற்கும் தாளில் இருந்ததற்கும் ஓரிடத்தில் வேறுபாடு. ஐயா சொன்ன அதே கதைதான்: ஆர்டர் கோயம்புத்தூரிலிருந்து, சரக்கு தாணேக்கு. அதைத் தமிழ்நாடு என்று மாற்றினேன். ஆகவே தவறான பில்கள் 31 அல்ல, 30. அவற்றை ரத்து செய்து புதிய பில் அடித்துவிட்டேன். புனே வியாபாரிக்கு முதலில் அனுப்பினேன்.

ஒன்று மட்டும் மிச்சம். வாங்குபவர் பெயரை வைத்து வாடிக்கையாளர் தாளிலிருந்து ஜிஎஸ்டி எண்ணை எடுக்கும் விலுக்கப் மூன்று வரிசைகளில் #என்/ஏ காட்டுகிறது. மூன்றும் ‘ஸ்ரீ’ என்று தொடங்கும் கடைப் பெயர்கள். இடைவெளி இல்லை. லென் இரண்டு பக்கமும் ஒரே எண். கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.


காற்புள்ளி, வியாழன், காலை 7.05

இரண்டு பக்கத்திலும் =யூனிகோட்(ஏ2) என்று போட்டுப் பாருங்கள். முதல் எழுத்தின் எண்ணை அது சொல்லும். ஒன்று 3000 என்றும் மற்றொன்று 2998 என்றும் வந்தால் விடை கிடைத்துவிட்டது.

‘ஸ்ரீ’யை இரண்டு விதமாகத் தட்டலாம். ஸ என்ற எழுத்தில் தொடங்கலாம், அது 3000. ஶ என்ற எழுத்திலும் தொடங்கலாம், அது 2998. பின்னது 2005இல்தான் யூனிகோடில் சேர்ந்தது. பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒரே ‘ஸ்ரீ’யாகத் தெரியும். எழுத்துகளின் எண்ணிக்கையும் ஒன்றே, அதனால்தான் லென் காட்டிக்கொடுக்கவில்லை. நீங்கள் கணினியில் தட்டியதும் அப்பாவின் கைபேசியில் தட்டியதும் வெவ்வேறு விசைப்பலகைகள் என்று நினைக்கிறேன். மூன்று பெயர்தான் என்பதால் ஃபார்முலா வேண்டாம். வாடிக்கையாளர் தாளில் இருக்கும் பெயரை நகலெடுத்து, ஏ நெடுவரிசையில் ‘மதிப்பை மட்டும்’ ஒட்டுங்கள். சாதாரணமாக ஒட்டினால் அந்தத் தாளின் வடிவமைப்பும் சேர்ந்து வந்துவிடும்.


தாராவி_பை, வியாழன், காலை 7.40

3000, 2998. அப்படியே வந்தது, அண்ணா. மூன்றையும் மாற்றிவிட்டேன். உச்சியில் இருக்கும் எண்ணிக்கை இப்போது பூஜ்யம். அப்பா பட்டறைக்குக் கிளம்பிவிட்டார், இன்றைய முதல் பில் ஹைதராபாதுக்காம். ‘தெலங்கானா’ பட்டியலில் இருக்கிறதா என்று படியிலிருந்தே கேட்டார். இருக்கிறது என்றேன்.